வாசலில் யாரைச் சோதிப்பது?

தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு மாவட்டத்தின் அரசு இணையதளத்தைத் திறந்து, தொடர்பு விவரம் உள்ள பக்கத்தைப் பாருங்கள். ஆட்சியர், கோட்டாட்சியர், வட்டாட்சியர் என்று வரிசையாக மின்னஞ்சல் முகவரிகள் இருக்கும். நாம் ‘அட் த ரேட்’ என்று சொல்கிற சுழிக்குறியை மட்டும் அங்கே பெரும்பாலும் பார்க்க முடியாது. அது வரவேண்டிய இடத்தில் சதுர அடைப்புக்குள் ‘அட்’ என்று எழுத்தால் எழுதியிருப்பார்கள். புள்ளிக்குப் பதில் ‘டாட்’. இணையப் பக்கங்களை இரவு பகலாக மேய்ந்து, சுழிக்குறி தென்படும் இடமெல்லாம் முகவரி என்று கண்டுகொண்டு அள்ளிப் போகும் நிரல்கள் இருக்கின்றன. அவற்றின் கண்ணில் படாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. மனிதர் படித்தால் புரிந்துகொள்வார், நிரல் ஏமாந்து போகும் என்பது கணக்கு.

இதைத் தொழில்நுட்பக்காரர்களின் சில்லறை வேலை என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை. அஞ்சல் துறையில் சப் போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அடுத்தவர் முகவரியில்தான் என் சோறு இருந்தது. அதோடு, வடலூருக்குப் பக்கத்தில் குறிஞ்சிப்பாடியில், சன்மார்க்கக் குடும்பத்தில் வளர்ந்தவள். வாசலுக்கு வருகிறவரை எப்படி நடத்துகிறோம் என்பதுதான் எங்கள் வீட்டில் சமயம். விளக்கேற்றிக் கும்பிடுவதெல்லாம் அதற்கு அடுத்தபடி. அதனால் அந்தச் சதுர அடைப்பைப் பார்க்கும்போது எனக்குள் ஒரு பழைய கேள்வி கிளம்புகிறது. கெட்டவன் ஒருவன் வருவான் என்று பயந்து, வருகிற எல்லோரையும் வாசலில் நிறுத்திச் சோதிக்கலாமா? சோதித்தே ஆக வேண்டும் என்றால், அந்தச் சோதனையின் பாரத்தை யார் சுமக்க வேண்டும்?

ஓய்வுக்குப் பிறகு நான் சேர்ந்திருக்கும் குழு சிறியது. பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வு எழுதித் தர ஆள் தேடிக் கொடுக்கிறோம். ‘ஸ்க்ரைப்’ என்பார்கள். மாணவர் விடையைச் சொல்லச் சொல்ல, ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் எழுத வேண்டும். இதற்காக ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடம் என்ற கணக்கில் கூடுதல் நேரம் உண்டு. அவசரம் என்றால் போனில் பேசிக்கொள்வோம். ஹால் டிக்கெட், மாற்றுத்திறனாளி சான்றிதழ், பாடத்திட்டம் இவையெல்லாம் மின்னஞ்சலில் வரும். குழுவின் இணையதளமும் அஞ்சல் பெட்டியும் என் பொறுப்பில் இருக்கின்றன.

அந்தப் பெட்டியில் அன்றாடம் விழுவது என்ன? உங்கள் டொமைன் காலாவதியாகப் போகிறது என்று மிரட்டும் கடிதம். கூகுளில் உங்களை முதல் இடத்துக்குக் கொண்டுவருகிறேன் என்பவர். ஆராய்ச்சிக் கட்டுரை கேட்கும், பெயரே கேள்விப்படாத ஒரு பத்திரிகை. எங்கோ இறந்துபோன கோடீஸ்வரரின் சொத்துக்கு என்னை வாரிசாக்கத் துடிக்கும் வக்கீல். இவர்களுக்கு நடுவில், வரலாற்றுத் தேர்வுக்கு ஆள் கேட்டு ஒரு பி.ஏ. மாணவி எழுதியிருப்பார். தலைப்பு இருக்காது, ‘வணக்கம் மேடம்’ என்று ஆரம்பித்து இரண்டு வரி, கீழே மூன்று இணைப்புகள்.

குப்பை மின்னஞ்சல் அனுப்பும் இந்தத் தொழில் தொடங்கியதே ஒரு முகவரிப் புத்தகத்தில் இருந்துதான். 1971இல் ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர், ஆளின் பெயருக்கும் கணினியின் பெயருக்கும் நடுவில் சுழிக்குறியைப் போட்டு ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கடிதம் அனுப்பினார். ஏழு ஆண்டுகள் கழித்து, 1978 மே 3 அன்று, டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற கணினி நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் இருந்த கேரி தர்க், ஆர்பாநெட் வலைப்பின்னலில் இருந்த ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். அந்த வலைப்பின்னலில் இருப்போரின் முகவரிகள் அப்போது அச்சுப் புத்தகமாகவே கிடைத்தன. ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடிக்க உதவட்டும் என்று போட்ட புத்தகம். அதைப் பார்த்து முகவரிகளைக் கையால் தட்டினார்கள். பெறுநர் பகுதியில் இடம் போதாமல் மிச்சம் கடிதத்துக்குள்ளேயே வழிந்தது. நல்லெண்ணத்தோடு திறந்துவைத்த ஒன்றை வேறு காரியத்துக்கு அள்ளும் வேலை அன்று கையால் நடந்தது. இன்று நிரல் செய்கிறது.

அஞ்சல்காரியான எனக்கு இதில் முதலில் உறைப்பது, கூலியை யார் கொடுக்கிறார்கள் என்பது. பிரிட்டனில் 1840 வரைக்கும் பெரும்பாலும் கடிதத்தைப் பெறுகிறவர்தான் காசு கொடுத்து வாங்கினார். ரோலண்ட் ஹில்லின் யோசனைப்படி வந்த பென்னி தபால் அதைத் தலைகீழாக்கியது. அனுப்புகிறவர் முன்கூட்டியே கட்டி, தலை ஒட்டி அனுப்ப வேண்டும் என்று ஆனது. இந்தியாவில் 1854இல் நாடு முழுவதற்கும் ஒரே கட்டணம் வந்தது. தலை ஒட்டாத கடிதம் ‘பேரிங்’. பெறுகிறவர் இரட்டிப்புக் காசு கொடுத்து வாங்கலாம், வேண்டாம் என்று திருப்பியும் விடலாம். குப்பை மின்னஞ்சல் நம்மை 1840க்கு முன்னால் கொண்டுபோய் விட்டது. ஆயிரம் பேருக்கு அனுப்பினாலும் லட்சம் பேருக்கு அனுப்பினாலும் அனுப்புகிறவனுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. பெறுகிறவரின் நேரமும் கவனமும் கட்டணமாகப் போகின்றன. மறுக்கலாம், ஆனால் பிரித்துப் பார்த்த பிறகு. 1997இல் ஆடம் பேக் என்பவர் ஹாஷ்கேஷ் என்று ஒரு வழி சொன்னார். ஒவ்வொரு கடிதத்துக்கும் அனுப்பும் கணினி சிறிது நேரம் ஒரு கணக்கைப் போட்டு, அந்த உழைப்பையே தலையாக ஒட்டட்டும் என்றார். மின்னஞ்சலில் அது பரவவில்லை. பிட்காயினில் போய்ச் சேர்ந்தது.

சரி, எழுதி வைத்த முகவரியை எடுத்துக்கொள்வது திருட்டா? எடுத்தவனிடம் கேட்டால் வாதம் தயாராக வைத்திருப்பான். ஊரறிய நீங்களே எழுதினீர்கள், நான் எடுத்த பிறகும் அது உங்களிடமே இருக்கிறது, உங்களுக்கு என்ன குறைந்தது என்பான். சட்டமும் அவனுக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தாமே பொதுவில் வெளியிட்ட சொந்த விவரத்தைத் தன் எல்லைக்கு வெளியே விட்டுவிட்டது. அமெரிக்காவில் 2003இல் வந்த ‘கேன் ஸ்பாம்’ சட்டம் வேறு விதம். இங்கே உள்ள முகவரிகளை யாருக்கும் தர மாட்டோம் என்று தளத்தில் அறிவிப்பு இருந்து, அதை மீறி நிரலால் பொறுக்கிக் குப்பை அனுப்பினால், செய்த குற்றத்தின் கனம் கூடுகிறது. வீட்டுக்காரரின் வார்த்தைக்கு அங்கே ஓரளவு மரியாதை இருக்கிறது.

வள்ளுவர் கள்ளாமை அதிகாரத்தில், கை நீளுவதற்கு முன்பே, நினைப்பிலேயே குற்றத்தை வைத்துவிடுகிறார். எனக்கு அது சரியாகப் படுகிறது. பொருள் குறைந்ததா என்று மட்டும் பார்த்தால் இந்தக் குற்றம் கண்ணுக்குத் தெரியாது. எதற்காகக் கொடுத்தார்கள், எதற்காக எடுத்தான் என்று பார்த்தால் தெரியும். உதவி கேட்கிறவர் எழுதட்டும் என்று நான் வைத்த முகவரி அது. கொடுத்தவரின் நோக்கத்தை அறிந்தே மீறி எடுத்தால், பொருள் இருந்த இடத்திலேயே இருந்தாலும் திருட்டுதான்.

ஆனால் இந்தப் பாவத்தை யார் கணக்கில் எழுதுவது? 2004இல் அமெரிக்காவில் புராஜெக்ட் ஹனிபாட் என்று ஒன்று தொடங்கினார்கள். பக்கத்துக்கு வரும் ஒவ்வொரு நிரலுக்கும் தனித்தனியான பொறி முகவரியைக் காட்டுவார்கள். பிறகு அந்த முகவரிக்குக் குப்பை வந்தால், எந்தக் கணினி பொறுக்கியது, எது அனுப்பியது என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம். பொறுக்குவது ஒன்று, அனுப்புவது இன்னொன்று. நடுவில் பட்டியலை விற்பவர், கூலிக்கு நிரல் எழுதியவர், விளம்பரத்துக்குக் காசு கொடுத்தவர், எவனோ ஒருவனாவது ஏமாந்து வாங்குவான் என்ற நம்பிக்கை. பாவம் இத்தனை பங்காகப் பிரியும்போது யாருடைய பங்கும் அவரவர்க்குக் கனப்பதில்லை. நிரலுக்கோ மனசாட்சி என்று ஒன்று இல்லை. கடைசியில் அந்தச் சுமை எங்கே இறங்குகிறது? இந்தக் கூட்டத்தில் யாரோடும் சம்பந்தமே இல்லாத ஒருவர் தலையில். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

அந்த ஒருவர் யார் என்று எங்கள் தளத்தில் கண்ணால் பார்த்தேன். தளத்தை முதலில் வடிவமைத்துக் கொடுத்தவர்கள், பாதுகாப்பு என்று சொல்லி முகவரியை எழுத்தாக வைக்காமல் படமாக வைத்திருந்தார்கள். பார்வையற்ற மாணவர்கள் கணினியில் திரை வாசிக்கும் நிரலைப் பயன்படுத்துகிறார்கள். பலரிடம் இருப்பது என்.வி.டி.ஏ. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இரண்டு நண்பர்கள் உருவாக்கியது, இலவசம். எழுத்து எதுவானாலும் அது வாசித்துச் சொல்லும். படத்துக்குள் எழுதியதைத் தானாக வாசிக்காது. ஒரு மாணவர் போனில் சொன்னார்: “மேடம், உங்க தளத்துல ‘கிராஃபிக், ஈமெயில்’னு மட்டும் சொல்லிட்டு அடுத்த வரிக்குப் போயிடுது. என்ன ஈமெயில்னு சொல்ல மாட்டேங்குது.” யாருக்காகத் தளம் நடத்துகிறோமோ அவர்களைத் தவிர மற்ற எல்லோருக்கும் அந்த முகவரி தெரிந்தது.

மறைக்கும் மற்ற வழிகளும் ஒவ்வொன்றாக யாரையாவது தடுக்கத்தான் செய்கின்றன. ‘அட்’, ‘டாட்’ என்று எழுதினால், முகவரியை நகலெடுத்து ஒட்டுகிறவர் இரண்டு இடத்தில் திருத்த வேண்டும். கணினி கற்று ஆறு மாதம் ஆனவருக்கு, எது முகவரி, எது தந்திரம் என்றே தெரியாது. எழுத்துகளைத் திருப்பிப் போட்டு, பார்வைக்கு மட்டும் நேராகத் தெரியும்படி செய்யும் வித்தை ஒன்று உண்டு. திரை வாசிப்பானின் காதுக்கு அது பின்னாலிருந்து முன்னாக வந்து சேரும். படிவம் வைத்து, அதில் நிரல் மட்டும் நிரப்பும்படி கண்ணுக்குத் தெரியாத பொறிக்கட்டம் ஒன்றை வைப்பார்கள். கவனமில்லாமல் வைத்தால், கண்ணால் பார்க்காதவர் அதையும் ஒழுங்காக நிரப்பி, ‘இயந்திரம்’ என்று தள்ளப்படுவார். உலாவிக்குள் வந்த பிறகு முகவரி கூடிவரும்படி செய்யும் வழிதான் இவற்றில் மனிதருக்குக் குறைந்த தொல்லை தருவது. கிளவுட்ஃபிளேர் என்ற நிறுவனம் செய்வது அந்த வகை. அதன் குறியீட்டில் முதல் இரண்டு எழுத்திலேயே சாவி இருக்கிறது. தெரிந்து தேடுகிற நிரலுக்கு அது பூட்டே இல்லை.

மறைப்பதால் பயனே இல்லை என்று சொன்னால் அது பொய். 2003இல் அமெரிக்காவின் ஜனநாயகம் மற்றும் தொழில்நுட்ப மையம், புதிய முகவரிகளை உருவாக்கிப் பல இடங்களில் வைத்துச் சோதித்தது. பொது இணையப் பக்கங்களில் வெளிப்படையாக இருந்தவற்றுக்குத்தான் குப்பை குவிந்தது. மறைத்து எழுதியவை தப்பித்தன. அன்று அது வேலை செய்தது. இன்றும் சோம்பேறி நிரல்களிடம் வேலை செய்யும். ஆனால் ‘அட்’ என்பதைச் சுழிக்குறியாக மாற்றிப் படிக்க ஒரு வரி நிரல் போதும். மனிதர் போலவே உலாவியைத் திறந்து பார்க்கும் நிரல்களும், படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும் நிரல்களும் வந்துவிட்டன. நிறுவனங்களின் தரவுக் கசிவில் போகும் முகவரிகள் தனி. 2013இல் யாஹூவில் நடந்த ஊடுருவலில் மட்டும் 300 கோடிக் கணக்குகள் பாதிக்கப்பட்டதாக அந்த நிறுவனமே பின்னால் ஒப்புக்கொண்டது.

நீ மனிதன்தானா என்று நிரூபித்துக் காட்டச் சொல்லும் சோதனையின் கதை இன்னும் விசித்திரமானது. 2000ஆம் ஆண்டுவாக்கில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் வான் ஆன், மானுவல் புளூம் முதலியோர் காப்சா என்ற பெயரில் அதை உருவாக்கினார்கள். வளைந்து நெளிந்த எழுத்தை மனிதரால் படிக்க முடியும், கணினியால் முடியாது என்பது அடிப்படை. அதன் அடுத்த வடிவம், பழைய நூல்களைக் கணினியில் ஏற்றும்போது இயந்திரம் படிக்கத் திணறிய சொற்களை மனிதரிடம் கொடுத்துப் படிக்கவைத்தது. நாம் மனிதர் என்று நிரூபிக்கச் செய்த வேலை, இயந்திரம் செய்ய முடியாத மிச்சத்தைச் செய்து கொடுக்கும் வேலையாகவும் ஆனது. பார்வையற்றோருக்கு இந்தச் சோதனை சுவராக நிற்கிறது என்று வலைத்தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2005லேயே எழுதியது. 2023இல் இர்வைனில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முதலானோர் ஆராய்ந்து சொன்னது, இந்தச் சோதனைகளில் மனிதரைவிட நிரல்கள் வேகமாகவும் சரியாகவும் தேறுகின்றன என்பது. யாரைத் தள்ள வைத்த சோதனையோ அவன் தேறுகிறான். யாரை உள்ளே விட வைத்ததோ அவர் தோற்கிறார்.

இங்கே எனக்கு வடலூர் நினைவுக்கு வராமல் இருக்காது. வள்ளலார் 1867 மே 23 அன்று அங்கே தருமசாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. பசி என்று வந்தவருக்கு அங்கே கேள்வி கிடையாது. தேசம், சமயம், சாதி மட்டுமில்லாமல், வந்தவரின் நடத்தையைக்கூட விசாரிக்கக் கூடாது என்பது ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் அவர் வகுத்தது. அதே வள்ளலார் 1872இல் கூப்பிடு தூரத்தில் சத்திய ஞான சபையை நிறுவினார். அங்கே நிபந்தனை உண்டு. உயிர்க்கொலையும் புலால் உண்பதும் விட்டவர்களே உள்ளே வர வேண்டும் என்று வாசலில் எழுதியிருக்கிறது. ஒரே மனிதர், ஒரு வாசலில் எதுவுமே கேட்காதே என்கிறார், இன்னொரு வாசலில் தகுதி சொல்கிறார்.

சின்ன வயதில் இது எனக்கு முரணாகத் தோன்றியது. இப்போது இதைவிடத் தெளிவான பாகுபாட்டை நான் எங்கும் பார்க்கவில்லை. தேவையோடு வருகிறவரின் வாசல் வேறு. நம் அந்தரங்கத்துக்குள் வருகிறவரின் வாசல் வேறு. முதல் வாசலில் சோதனை வைத்தால் பசித்தவர் திரும்பிப் போவார். இரண்டாவது வாசலில் நிபந்தனை வைப்பதால் யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சபை வாசலில்கூட உன் வாயைத் திற, என்ன தின்றாய் என்று பார்க்கிறேன் என்று யாரும் கேட்பதில்லை. எழுதி வைத்திருக்கிறார்கள், படிக்கிறவரின் மனசாட்சிக்கு விட்டிருக்கிறார்கள். 1994இல் மார்ட்டின் கோஸ்டர் முன்வைத்த ‘ரோபாட்ஸ்’ கோப்பும் அப்படித்தான். இந்தப் பக்கத்துக்குள் வராதே என்று நிரல்களிடம் கேட்டுக்கொள்ளும் அறிவிப்பு அது. தேடுபொறிகள் பெரும்பாலும் மதிக்கின்றன. பொறுக்கும் நிரல் மதிக்காது. அறிவிப்பு தோற்றது என்று இதற்குச் சொல்ல மாட்டேன். அறிந்தே மீறினான் என்று சொல்ல அதுதான் சாட்சி.

அப்படியானால் நிரலையும் தருமசாலை வாசலில் வரவேற்க வேண்டுமா என்று கேட்கலாம். வள்ளலாரின் கருணை எல்லா உயிருக்கும் உரியது. அதன் அளவுகோல் பசி. நிரலுக்குப் பசி இல்லை, வலி இல்லை, திருப்பி அனுப்பினால் வருத்தம் இல்லை. அதைத் தடுப்பதில் எந்த அறமும் குறையாது. அதைத் தடுக்கப் போய் ஒரு மனிதரைத் தடுத்தோமா என்பது ஒன்றுதான் கேள்வி.

குழுவில் மென்பொருள் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் இருக்கிறார். அவர் என்னோடு ஒத்துப்போகவில்லை. “மேடம், வாசலைத் திறந்துவச்சா குப்பை நிறையும். அந்தக் குப்பைக்குள்ள ஒரு ஸ்டூடன்ட்டோட மெயில் மூழ்கிப்போனா அதுவும் கதவை மூடின மாதிரிதானே?” என்றார். வலுவான வாதம். பந்தியில் தடியர்கள் உட்கார்ந்துகொண்டால் பசித்தவருக்கு இலை கிடைக்காது. இதற்கு நான் சொல்லும் பதில் இதுதான். இரண்டு வகைத் தவறு நேரலாம். குப்பையை உள்ளே விடுவது ஒன்று, உதவி கேட்டவரை வெளியே நிறுத்துவது ஒன்று. முதல் தவறு என் கண்ணுக்குத் தெரியும். அதைத் திருத்த எனக்குச் சில நிமிடம் போதும். இரண்டாவது தவறு எனக்குத் தெரியவே தெரியாது. கடிதம் எழுத முடியாமல் போனவர், எழுத முடியவில்லை என்று எப்படி எழுதுவார்? எனக்குத் தெரிந்து நான் சுமக்கக்கூடிய தவறை நான் எடுத்துக்கொள்ள வேண்டும். தெரியாமல் அடுத்தவர் தலையில் விழும் தவறைத் தவிர்க்க வேண்டும்.

சலிப்பது வாசலுக்கு உள்ளே நடக்கட்டும். அதற்கு இன்று வசதி இருக்கிறது. 2002இல் பால் கிரஹாம், சொற்களின் நிகழ்தகவை வைத்துக் குப்பையைப் பிரிக்கும் வழியைப் பரவலாக்கினார். இன்று ஜிமெயில், குப்பையில் 99.9 சதவீதத்துக்கு மேல் தடுத்துவிடுவதாகச் சொல்கிறது. அதைவிட எனக்குப் பிடித்தது 2024 பிப்ரவரியில் கூகுளும் யாஹூவும் கொண்டுவந்த விதி. ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரு நாளில் 5000 கடிதத்துக்கு மேல் அனுப்புகிறவர், தான் யார் என்பதை உறுதிசெய்யும் பதிவுகளைத் தன் டொமைனில் வைத்திருக்க வேண்டும். விளம்பரமானால், வேண்டாம் என்பவர் ஒரே சொடுக்கில் விலக வழி தர வேண்டும். சோதனை சரியான ஆளிடம் போய்ச் சேர்ந்த இடம் இது. கூட்டத்துக்கு அனுப்புகிறவன் நிரூபிக்கட்டும். ஒரு கடிதம் எழுதுகிற மாணவியை எதற்குக் கேட்க வேண்டும்?

பழிக்குப் பழி வழி ஒன்றும் இருக்கிறது. பொறுக்க வரும் நிரலுக்கு ஆயிரக்கணக்கான பொய் முகவரிகளை ஊட்டி அதன் பட்டியலைக் கெடுப்பது. இயந்திரத்திடம் சொல்லும் பொய் பொய்யாகுமா என்று கேட்டால், தீமை விளையாத வரை பரவாயில்லை என்பேன். ஆனால் கற்பனையாக எழுதிய பெயரில் எங்காவது உண்மையான டொமைன் இருந்தால், அத்தனை குப்பையும் அந்த நிரபராதியின் தலையில் விழும். பொய்ப் பெயர் தேவைப்படுகிறவர்களுக்காக ‘இன்வேலிட்’ என்ற முடிவை, யாருக்கும் பதிவு செய்து தராமல், 1999இல் ஒதுக்கி வைத்தார்கள். பொய் சொல்லும்போதும் அடுத்தவர் வீட்டைக் காட்டிக் கொடுக்காதே என்ற இந்தக் கவனம் எனக்குப் பிடிக்கிறது.

அடுத்தவர் வீடு என்றதும், நான் உறுதியாக மூடிய கதவைச் சொல்ல வேண்டும். தளத்தில் தன்னார்வலர்களின் பெயர், ஊர், போன் எண், மின்னஞ்சல் எல்லாம் ஒரு பட்டியலாக இருந்தது. பெரும்பாலோர் கல்லூரிப் பெண்கள். அதை முழுவதும் எடுக்கச் சொன்னேன். வாசலைத் திறந்துவைக்கும் புண்ணியம் என் வீட்டு வாசலுக்கு மட்டும் பொருந்தும். இன்னொருவரின் வாசலைத் திறந்துவிட்டு என்னைத் தாராளமானவள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. அவர்களுக்கு வரக்கூடியது குப்பை அஞ்சலோடு நிற்காது என்பது பெண்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அத்தோடு, பெயரும் பொறுப்பும் முகவரியும் ஒரே இடத்தில் கிடைத்தால் மோசடிக்காரர்கள் வேறு வேலைக்கும் அதை எடுத்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் தேவாலயத் தளங்களிலிருந்து போதகரின் பெயரை எடுத்து, அவர் பேரில் சபையாருக்கு எழுதி, அவசரமாகப் பரிசு அட்டை வாங்கி எண்ணை அனுப்பச் சொல்லும் ஏமாற்று பரவலாக நடந்தது. நம்பிக்கையுள்ள இடத்தில்தான் அது பலிக்கும்.

இப்போது எங்கள் தளத்தில் ஒரே ஒரு முகவரி இருக்கிறது. குழுவுக்கென்று வைத்தது. சுழிக்குறியும் புள்ளியும் அதனதன் இடத்தில், எழுத்தாக, தொட்டால் கடிதம் எழுதத் திறக்கும்படி இருக்கிறது. குப்பை கூடியது உண்மை. பெரும்பாலும் ஸ்பாம் பெட்டிக்குப் போய்விடுகிறது. மாலையில் அந்தப் பெட்டியையும் ஒருமுறை புரட்டுகிறேன். தலைப்பு இல்லாமல், புதுக் கணக்கிலிருந்து, இணைப்புகளோடு வரும் கடிதத்தைச் சல்லடை சந்தேகிக்கும். எங்கள் மாணவர்கள் எழுதுவதும் அப்படித்தான். அஞ்சலகத்தில் முகவரி புரியாத கடிதத்தை ஊரெல்லாம் விசாரித்துச் சேர்ப்பது எங்கள் வேலையாக இருந்தது. கடிதம் போட்டவரைக் கூப்பிட்டுத் திட்டியதில்லை. என் சொந்த முகவரியை நான் எங்கும் எழுதி வைக்கவில்லை. அதில் எனக்குக் குற்ற உணர்வும் இல்லை.

கோயில், மருத்துவமனை, பள்ளி, அரசு அலுவலகம், அறக்கட்டளை என்று பிறர் தேவையோடு வந்து நிற்கும் இடங்களின் தளங்களைப் பார்த்துக்கொள்கிறவர்களிடம் என் வேண்டுகோள் இது. உதவி கேட்கும் முகவரியை எழுத்தாக, முழுதாக எழுதுங்கள். தனி ஆட்களின் முகவரியை அவர்கள் கேட்காமல் போடாதீர்கள். உங்கள் தொடர்புப் பக்கத்தைப் பார்வையற்ற ஒருவரிடம் கொடுத்து ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். அவரால் எழுத முடிந்தால் உங்கள் வாசல் திறந்திருக்கிறது. முடியவில்லை என்றால், நீங்கள் தடுத்தது திருடனை இல்லை.